மீதிப் பன்னிரண்டு நாள்

அடையில் உட்கார்ந்த ஒன்பதாம் நாள் என் கருப்புக் கோழி எழுந்துபோனது. கூடையில் கோழிப்பேன் மொய்த்திருந்தது, அதன்மேல் தப்பில்லை. மண்ணைக் கிளறி, இறக்கையை உதறி, முட்டைகள் யாருடையவோ என்பதுபோல் திரிந்தது. எட்டு முட்டைகள். இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி.

"துன்னவும் ஆவாது, வெக்கவும் ஆவாது. தூக்கிப் போடு" என்றாள் அம்மா. நான் அழுதேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைப் பழுக்கவைக்கும் ஃபர்னஸில் வேலை அவருக்கு. அந்த வாரம்தான் கம்பெனியைப் பூட்டியிருந்தார்கள். பூட்டினால் லீவு. எங்கள் பள்ளியைக்கூட மே மாதம் பூட்டுவார்களே.

"இரும்பையே பதம் பண்ணிக்கினு இருந்தேன், இது இன்னா" என்று நைனா அட்டைப்பெட்டியில் உமி பரப்பினார். நாற்பது வாட் பல்பு, ஓரத்தில் கிண்ணத்துத் தண்ணீர். தெர்மாமீட்டர் கிடையாது. நிறம் பார்த்தே இரும்பின் சூடு சொல்பவர், முட்டையை எடுத்து மூடிய இமைமேல் வைத்துப் பார்த்தார். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. கம்பெனி ஷிப்ட் மாறும் நேரத்தில் முட்டைகளைத் திருப்பினார். மூன்று ஷிப்டும் அவரே. காலை ஷிப்டுக்கு மட்டும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டி முன்னால் உட்காருவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. பெட்டி ஆறத் தொடங்கியதும் நைனா பாயில் மல்லாந்து, எட்டையும் வயிற்றின்மேல் வைத்து, போர்வை போர்த்தச் சொன்னார். மூன்று மணி நேரம் அசையவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மாமே, நாங்க எல்லாம் கம்பெனி கேட்டாண்ட குந்திகினு கீறோம். நீ இங்க அடை காத்துகினு கீறியா?"

"கத்தாதடா. அங்க குந்தினா கேட்டு தொறக்குமா? இங்கனா ஓடாவது ஒடையும்."

வந்தவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, நைனாவின் காலடியில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

இருபத்தோராம் நாள் காலை ஷிப்டில் ஐந்து குஞ்சுகள் ஓட்டை உடைத்து வந்தன. இரண்டு கூமுட்டை. ஒன்று ஓட்டுக்குள்ளேயே நின்றுபோயிருந்தது. ஈரம் காயாத குஞ்சு ஒன்றை நைனா இமைமேல் வைத்தார். முட்டையை வைத்ததைவிட நெடுநேரம் வைத்திருந்தார்.

"நைனா, அடுத்த தபாவும் கோழி எழுந்து ஓடிச்சுன்னா லீவு போடுவியா?"

"போடறேன்டி" என்றார். அம்மா காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் கொரட்டூர் ஏரிக்கரைப் பிள்ளையாரிடம் இரண்டு வேண்டிக்கொண்டேன். அடுத்த அடையிலும் கூடையில் பேன் பிடிக்க வேண்டும். நைனா கம்பெனி பூட்டியே கிடக்க வேண்டும்.

முதலாவது பலிக்கவில்லை, கோழி ஒழுங்காக அடை காத்தது. இரண்டாவது பலித்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நைனாவிடமே காசு கேட்டேன்.