டம்ளரில் பரவாத சொட்டு

பிள்ளைகளா, சிந்தாதிரிப்பேட்டை லேத் பட்டறையில் நான் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். அங்கே என்னோடு வேலை பார்த்த, நான் அண்ணன் என்று கூப்பிட்ட ஒருவரைப் பற்றி மட்டும் உங்களிடம் சொன்னதில்லை.

இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க, எண்ணெயும் தண்ணீரும் கலந்த கூலன்ட்டை ஊற்றுவோம். முதலில் தண்ணீர், பிறகு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீருக்குள் எண்ணெய் பொடிப்பொடியாக நிற்கும், பாலில் கொழுப்பு நிற்பதுபோல. மாற்றிச் செய்தால் எண்ணெய்க்குள் தண்ணீர் மாட்டிக்கொள்ளும், வெண்ணெயில் இருப்பதுபோல. இரண்டும் பார்க்க வெள்ளைதான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் தெரிந்துவிடும். பரவினால் சரி, உருண்டு மிதந்தால் தப்பு.

கலக்குவது அண்ணன் வேலை. கூவம் ஓரத்தில் இருந்த அவர் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருவார். இன்னொரு நாள் லேட்டானால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமையும் அவரைக் காணோம். முதலாளி வருவதற்குள் நானே கலந்துவிடலாம் என்று போனேன். அவசரத்தில் எண்ணெயை முதலில் கொட்டிவிட்டேன்.

கலவை கெட்டியாக இருந்தது. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். பரவவில்லை. கீழே ஊற்றினால் ஒரு கேன் எண்ணெய் வீண், திட்டு விழும். பேசாமல் மெஷினில் ஊற்றினேன்.

முதலாளி வருவதற்கு முன்பே அண்ணன் மூச்சு வாங்க வந்தார். "கலந்துட்டியா நைனா? நல்லா இருப்ப."

திங்கட்கிழமை வந்து பார்த்தால், சனிக்கிழமை கடைந்து வைத்த ஷாஃப்ட் தண்டு எல்லாம் துரு. கலவையிலிருந்து பிரிந்த தண்ணீர் வேலையைக் காட்டியிருந்தது.

"இன்னாய்யா இது? இத்தினி வருசமா கலக்கினுகீற. கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று முதலாளி அண்ணனிடம் கத்தினார்.

தான் கலக்கவில்லை என்று அண்ணன் சொன்னால், அவர் சனிக்கிழமை லேட்டாக வந்தது தெரிந்துவிடும். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் உண்மையைச் சொன்னாலும் அவர் மாட்டிக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

"தப்புதான் மொதலாளி" என்றார் அண்ணன்.

"நாளைலேந்து வராத."

அவர் கை கழுவி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். என்னைத் தாண்டும்போது, "பசங்கள நல்லா படிக்க வையி நைனா" என்றார்.

"இனிமே நீ கலக்குறியாடா?" என்று முதலாளி கேட்டார்.

"சரிங்க மொதலாளி" என்றேன்.