மினுக்கிய இன்ஜின் விளக்கு

அன்று ஏன் உடனே காரை நிறுத்தவில்லை? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

குழந்தைக்கு மொட்டை போட, மாமியாருடன் அழகர்கோவிலுக்கு நான்தான் காரை ஓட்டிச் சென்றேன். வழியில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. வண்டி குலுங்கியது.

“நிப்பாட்டவா அத்தை?”

“சாமி காரியத்துக்குப் போறப்ப பாதியில நிக்கக் கூடாதுத்தா. ஓட்டு.”

ஓட்டினேன். கருகிய வாடை வந்த பிறகே ஓரங்கட்டி, அத்தையையும் இறக்கி, குழந்தையோடு விலகி ஓடினேன். காருக்கடியில் புகை.

போனில் கணவர், “அந்த லைட்டு நின்னு எரிஞ்சா மெதுவா மெக்கானிக்கிட்ட போகலாம். மினுக்குனா அங்கனயே ஆஃப் பண்ணணும். தீப்பிடிச்சிருந்தா?” என்றார்.

இப்போது மினுக்கினால் யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுவேன். ஆனால் மொட்டைக்கு மறுபடி போகவேண்டும். விளக்கு மினுக்கினால் பாதியில் நிறுத்துவேன் என்று அத்தை மனம் நோகாமல் முன்கூட்டியே எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.