ஏழில் ஒன்று

நாலாயிரத்து அறுநூறு கடன், என்றோ அடைத்தது. ரப்பர் சாமான் எடுத்த வகையில் மொத்த வியாபாரியிடம் நாக்கை மட்டும் அடகு வைத்து வாங்கியது. வாஷர்காரர் காலையில் கிடங்கின் பக்கக் கதவைத் திறக்கும்போதே இந்தக் கணக்கையும் சேர்த்துத் திறந்துவிடுவார். கூரியர்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், வழி கேட்டு நின்றவர், யார் சிக்கினாலும் சரி. “நாலாயிரத்தி அறுநூறு! பதினோரே மாசம். மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வந்தேன். படிச்சது என்னவோ மூணாங்கிளாஸ். அதுலயும் பாதி நாள் மழைக்கு ஒதுங்கினதுதான்.”

சும்மா சொல்லக்கூடாது, எழுபத்திரண்டு வயதிலும் ஆள் தேக்குக்கட்டை. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து வாஷர் விற்ற கை அது. கண்ணை மூடிக்கொண்டு தடவியே அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று சொல்லிவிடும். அந்தக் கை கட்டிய கிடங்கில் இப்போது மருமகள் கம்ப்யூட்டர் வைத்து ஆன்லைன் கடை நடத்துகிறாள். பெரிய வாஷர், சின்ன வாஷர், ரப்பர் வளையம், வெள்ளை டேப் சுருள், பித்தளைத் திருகு, வடிகட்டி வலை, விரல் நீளத்தில் ஒரு ஸ்பானர். ஏழையும் தனித்தனியாக விற்றால் டீக்காசு. ஒரே பெட்டியில் போட்டு ‘குழாய் ரிப்பேர் கிட்’ என்று விற்றால் நல்ல காசு. இந்தச் சூட்சுமம் மருமகளுடையது. மாமனார் ஒப்புக்கொள்வாரா? “பொட்டலம் கட்டினது நான். இவ பேரு வெச்சா, அவ்வளவுதான்.”

கணக்கு அவளுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். “ஒரு பெட்டி கட்டினா ஏழு டப்பாவுலயும் ஒண்ணொண்ணு குறையணும் மாமா. ஏழுல எது தீர்ந்தாலும் மொத்த கிட்டும் தீர்ந்த மாதிரிதான். தயவுசெஞ்சு சில்லறை வியாபாரம் மட்டும் வேண்டாம்.” உதிரி டப்பாக்களை மாடி அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். கீழே, பக்கக் கதவருகே, கட்டி முடித்த பெட்டிகள் மட்டும் சுவர்போல அடுக்கியிருக்கும்.

பூட்டிவிட்டால் ஆயிற்றா? மத்தியானம் பிளம்பர் ஒருவர் தலையை நீட்டி, “பெரியவரே, அரை இன்ச் வாஷர் ஒண்ணு கிடைக்குமா?” என்று கேட்டால், ‘இல்லை’ என்கிற சொல் அந்த வாயில் வருமா? ஒரு பெட்டியை உருவுவார். ஒட்டியிருக்கும் டேப்பை நகத்தால் நெம்புவார். வாஷரை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். அடுத்து வருகிறவருக்கு வேறொரு பெட்டியிலிருந்து டேப் சுருள். ‘அப்புறம் போட்டுக்கலாம்.’ நடைபாதையில் எல்லாம் ஒரே குவியல்தானே, எதில் எடுத்தால் என்ன? வந்த சில்லறையில் தனக்கென்று ஒரு காசு வைத்துக்கொண்டதில்லை. வேலையாட்களுக்கு அன்றைய டீ அதில்தான், அவர் கணக்கு. பெட்டிகளைக் கட்டுகிற பெட்டியம்மாவும், “ஐயா வாங்கித் தர்ற டீன்னா தனி ருசி” என்று குடித்திருக்கிறாள்.

அப்புறம் போட்டுக்கொள்ளும் நாள் மட்டும் வரவே இல்லை. கடிதாசிதான் வந்தது, கம்ப்யூட்டரில். ‘டேப் எங்கே?’ ‘ஸ்பானர் இல்லாமல் எதை வைத்துக் கழற்றுவது, பல்லாலா?’ ஒருத்தி எழுதியிருந்தாள்: குழாயைக் கழற்றிப் போட்ட பிறகு பெட்டியைத் திறந்தால் வாஷர் இல்லை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தோம். இரண்டு மாதத்தில் இப்படி நாற்பத்தொரு பேர். சாமானைத் திரும்ப அனுப்பிய செலவை மருமகள் பெட்டியம்மாவின் சம்பளத்தில் பிடித்தாள். வாஷர்காரரும் கிடங்கு அதிரக் கத்தினார்: “கவனம் எங்கம்மா போகுது? ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா?” தான் திறந்தது மிஞ்சிப்போனால் நாலைந்து பெட்டி என்பது அவர் நினைப்பு. கத்தும்போது அந்த நாலைந்துகூட நினைவுக்கு வரவில்லை.

நேற்று முன்தினம், திரும்பி வந்த பெட்டிகளை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு மருமகள் பெட்டியம்மாவைக் கூப்பிட்டாள்.

“போட மறந்துட்டேன்னு சொல்லுங்க, இதோட விட்டுடறேன்.”

“மறக்காததை எதுக்கு மறந்தேன்னு சொல்லணும்?” என்றாள் பெட்டியம்மா. “போட மறந்திருந்தா மாடியில டப்பாவுல மிச்சம் கிடக்கணும்ல? நேத்து நீங்களும் நானும் உக்காந்து எண்ணினோமே. ஒத்தை வாஷராவது அதிகமா இருந்துச்சா?”

“இல்ல. கணக்கு அச்சுப் பிசகாம இருக்கு.”

“அப்ப நான் போட்டிருக்கேன். போட்டது வெளிய வந்திருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயால் தானே குழி தோண்டிக்கொண்டது அவளுக்கு உறைத்தது. மருமகளின் முகம் வெளுத்துவிட்டது.

“வெளிய எடுத்தது யாருங்க? சாயங்காலம் கடைசியா பெட்டிகிட்ட நிக்கிறது நீங்கதானே?”

“சம்பளத்துல பிடிச்சீங்க. வாயைத் திறந்தேனா? திருடின்னு பேரு வாங்கிட்டு நான் எந்த வாசல்ல போய் வேலை கேப்பேன்?”

திருடி என்ற சொல் காதில் விழுந்ததும் வாஷர்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “திருட்டா? என் கிடங்குலயா? சாமானைத் தொட்ட கை எந்தக் கைன்னு சொல்றவன் நான். கொண்டா அந்தப் பெட்டிய!”

கொண்டுவந்து கொடுத்தார்கள். புரட்டினார். வாங்கியவர் நடுவில் கீறித் திறந்திருந்த டேப்பின் நுனி ஒரு நகக்கண் அளவுக்கு உள்பக்கமாக மடிந்திருந்தது.

அடுத்த தடவை நுனியைத் தேடி நகத்தைத் தேய்க்க வேண்டாமென்று அப்படி மடித்துவைப்பது நடைபாதைக்காரன் பழக்கம். பெட்டியம்மா ஒட்டினால் நுனி எது என்று தெரியாதபடி தேய்த்துவிடுவாள். இந்தக் கிடங்கில் டேப்பை மடிக்கிற கை ஒன்றே ஒன்றுதான். இன்னொரு பெட்டியை எடுத்தார். மடிந்திருந்தது. இன்னொன்று. அதுவும். கடைசிப் பெட்டியைத் திருப்பிப் பார்க்காமலே மேசையில் வைத்தார்.

“என்ன மாமா? தெரியுதா, யாருன்னு?”

“அவளை விடும்மா.” குரலே வேறு யாருடையதோ போலிருந்தது. “நான்தான் எடுத்தேன்.”

“மாமா?”

“பக்கக் கதவுல வந்து கேட்டவங்களுக்கு எடுத்துக் குடுத்தேன். இந்தக் கிடங்குல திருடுறதுக்கும் என்னை விட்டா வேற ஆள் கிடையாது, போ.”

யாரும் சிரிக்கவில்லை. பெட்டியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அந்தக் காசையெல்லாம் அவர் சாராயம் குடித்துத் தீர்த்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

“எத்தனை பெட்டி மாமா?” மருமகளின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

தடவியே அளவு சொல்கிற மனிதர் திரும்பி அடுக்கைப் பார்த்தார். பக்கக் கதவருகே முந்நூற்று நாற்பது பெட்டிகள் நின்றன. எதில் எது இருக்கிறது, எதில் எது இல்லை என்பது அவருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. மருமகள் பொத்தென்று உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் கிட் இருப்பு என்ற இடத்தில் முந்நூற்று நாற்பதை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். “எல்லாத்தையும் பிரிச்சாகணும்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“இந்தம்மாகிட்ட எவ்வளவு பிடிச்ச?”

“ரெண்டாயிரத்தி நானூறு. கல்லாவுல இருந்து நானே குடுத்துடறேன் மாமா.”

“கல்லா என்ன தப்பு பண்ணுச்சு?”

சட்டையின் உள்பையிலிருந்து நூறு ரூபாய்க் கட்டை எடுத்தார். பணம் எண்ணுவதென்றால் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு சத்தம் கொடுத்து எண்ணுகிறவர் அவர். அன்று உதடு மட்டும் அசைந்தது. பெட்டியம்மாவின் விரிந்த உள்ளங்கையில் நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

“சரியா இருக்கும்மா. வெச்சுக்கோ.”

கை மூடவில்லை. விரித்தபடியே நின்றது.

“ஐயா, ஒண்ணு குறையுது.”

அவர் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கட்டிலிருந்து இன்னொரு நோட்டை உருவினார். திரும்ப எண்ணிப் பார்க்காமல் அந்த உள்ளங்கையில் வைத்தார்.