ஓடியதை உடைத்தவர்

திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் மென்பொருளை நாங்கள் பராமரித்தோம். ஒரு நாள் காலை அது படுத்துவிட்டது. பிழையைத் திருத்தினோம். ஆனால் நிரல்களைத் தொகுத்துத் தரும் பில்டு கருவி, அதில் செருகியிருந்த ஒரு ப்ளகினைக் குற்றம் சொல்லிச் சிவப்பு வரியோடு நின்றது. யார்டு வாசலில் லாரிகள் ஹாரன் அடித்தன.

வியாசர்பாடியிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவிடம் கொடுத்தோம். நரையோடிய சுருட்டை முடி, பெரிய கண்ணாடி. வேலையைத் தொடுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைப்பார். அன்றும் வைத்தார். ப்ளகினின் பதிப்பு எண்ணை மாற்றினார். அது ஓடவேண்டிய வரிசையையும் மாற்றினார். பில்டு ஓடியது. நாங்கள் டீக்கு எழுந்தோம்.

அவர் எழவில்லை. பதிப்பு எண்ணைப் பழையபடி ஆக்கி ஓட்டினார். ஓடியது. வரிசையையும் பழையபடி ஆக்கினார். சிவப்பு வரி திரும்ப வந்தது.

"என்னம்மா, ஓடினதைப் போய் ஒடைக்கிறீங்க?" மேலாளரின் குரல் உயர்ந்தது.

"ரெண்ட மாத்திகீறேன் சார். எதுனால ஓடுச்சுன்னு தெரியாம வுட்டா நாளைக்கும் இதே பேஜாருதான். இப்போ தெரிஞ்சுபோச்சு."

வரிசையை மட்டும் மாற்றி அனுப்பினார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார், மணி பார்க்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். இப்போதும் பில்டு சரியானால் எங்கள் அறையில் உடனே யாரும் எழுவதில்லை. "எங்க, ஒரு வாட்டி ஒடைங்க பாக்கலாம்" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது மேலாளருடையது.