எல்டன் நோவாட்னியின் வாசல் டிவியில் வந்த கதை

எல்டன் நோவாட்னிக்கு அறுபத்தெட்டு வயது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சோளமும் நாற்பது மாடுகளும் வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிற மனிதர். பேச்சில் கஞ்சர், பிடிவாதத்தில் மட்டும் தாராளம். ஒன்பது வருஷத்துக்கு முன் மகன் வெய்ன், விவசாயம் வேண்டாம், டென்வரில் நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றான். எல்டன் வாசலை மறித்து நின்று, போனால் திரும்பி வராதே என்றார். அவன் அவரை இடித்துக்கொண்டு போனான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, வரவே இல்லை.

போன அக்டோபரில் விளம்பரம் எடுக்கிற ஆட்கள் வந்து அவருடைய வீட்டையும் சிவப்புக் கொட்டகையையும் மூன்று நாள் வாடகைக்குக் கேட்டார்கள். காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தால், கோடையில்தான் வெள்ளையடித்த முன்வாசலைப் பழசாகத் தெரிய வேண்டுமென்று சுரண்டி வைத்திருந்தார்கள். நன்றாக இருந்ததை எதற்குப் பாழாக்கினார்கள் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் அன்று ஊரே சர்ச் கூடத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆட்டம் ஓடும்போது சாப்பிடுவார்கள், வம்பளப்பார்கள், கழிப்பறைக்குப் போவார்கள். விளம்பரம் வந்தால் மட்டும் கப்சிப். அந்த வழக்கம் அன்றைக்கு உடைந்தது. திரையில் சிவப்புக் கொட்டகை தெரிந்ததும் எண்பது பேரும் எல்டன் வீடு, எல்டன் வீடு என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பின்வரிசையில் இருந்த எல்டனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். எல்லோரும் உட்கார்ந்தபோது வேறு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எதை விற்றார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. இன்சூரன்ஸ் என்றார்கள் சிலர், லாரி என்றார்கள் சிலர். ஆனால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எதற்கு என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பக்கத்துப் பண்ணை மார்லிஸ் ஒரு பெரிய பாத்திரம் நிறைய நூடுல்ஸும் கோழியும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தாள்.

“பெரிய மனசு பண்ணிட்டீங்க எல்டன். வெய்ன் இன்னும் தூங்குறானா?”

எல்டன் தம் வீட்டுக்குள்ளேயே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மார்லிஸைச் சொல்லிக் குற்றமில்லை. விளம்பரத்தில் அந்த வீட்டுக்குத்தான் ஒரு மகன் திரும்பி வந்தானாம். வாசலில் நின்ற பெரியவரின் முதுகு மட்டும்தான் தெரிந்ததாம். அது எல்டன்தான், பையன் வெய்ன்தான், முகம் ஒன்பது வருஷத்தில் மாறியிருக்கும் என்று ஊர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டுவிட்டது. மதியத்துக்குள் ஆறு பாத்திரமும் மூன்று தட்டு கொலாச்சி பன்னும் வந்து சேர்ந்தன. வராத மகனுக்கு வந்த விருந்தை வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல் எல்டன் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது.

“அப்பா.”

அந்தக் குரல் கேட்டு ஒன்பது வருஷம். எல்டன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“நேத்து நம்ம வாசலை டிவில பாத்தேன். நீ சொல்லித்தான் அப்படி எடுத்தாங்களா?”

எல்டனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் போனை வைத்துவிடுவானோ என்று பயம்.

“எப்படிடா எடுத்தாங்க? நான் பாக்கல. முன்னால எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க.”

வெய்ன் சொன்னான்: “பையன் வர்றான். அப்பா வாசல்ல நிக்கிறாரு. ஒண்ணும் பேசல. சும்மா விலகி வழி விடுறாரு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். அந்தச் சின்ன விஷயம் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடத் தமக்குத் தோன்றவில்லையே என்று எல்டனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“அவங்க என்னைக் கேக்கவே இல்லடா,” என்றார். “கேட்டிருந்தா அப்படித்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்.”

அப்புறம் வெய்ன், வியாழக்கிழமை தனக்கு வேலை இல்லை என்று சொன்னான்.