இருபத்தைந்தில் நிற்கும் கடல்

கண்ணாடித் தொட்டிக்குள் பால்மானியைச் செங்குத்தாக இறக்கி, விரலை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் சாமுண்டீஸ்வரி. மானி இரண்டு தரம் தலையாட்டிவிட்டு நிதானத்துக்கு வருகிறது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் வந்து அதை முட்டிப் பார்க்கின்றன. சாமுண்டீஸ்வரி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் மட்டத்தில் எந்தக் கோடு நிற்கிறது என்று பார்க்கிறார். "இருவத்தஞ்சி!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கிறார். ஆவடியில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து படுத்திருக்கும் கணவர் தசரதன் புரண்டு படுக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் அறிவிப்பு.

அந்த மானி பாலுக்காகச் செய்யப்பட்டது. பாரிவாக்கம் பால் சங்கத்தில் காலையில் வரிசை கட்டி நிற்பவர்களின் பாலைச் சோதித்து வாங்குகிற வேலை இவருக்கு. நல்ல எருமைப் பாலில் மானி முப்பதை ஒட்டி நிற்கும். தண்ணீர் சேர்ந்திருந்தால் முங்கிப் போய் இருபதைக் காட்டிக் கொடுத்துவிடும். "இன்னா நைனா, உன் மாடு ராத்திரி மழைல நனைஞ்சிச்சா?" என்று கேட்பார். வரிசை சிரிக்கும். மாட்டுக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு நகர்வார்.

ஆள் குள்ளம். கூப்பிட்டால் ஆவடியைத் தாண்டிக் கோவில்பதாகை வரைக்கும் கேட்கிற குரல். தாலிச் சரட்டில் எந்நேரமும் நாலைந்து ஊக்குகள். மானியின் பேச்சில் சந்தேகம் வந்தால் வலது கைச் சுண்டுவிரலைப் பாலில் நனைத்து நாக்கில் வைப்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த விரல் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகக் குளிக்கும்போது அதற்கு மட்டும் மஞ்சள் பூசுவதில்லை. சங்கத்து வேலை முடிகிற வரை காபியும் குடிப்பதில்லை. "நாக்கு சும்மா இர்க்கணும். அப்பத்தான் உண்மைய சொல்லும்" என்பார்.

பாரிவாக்கத்துக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தத்தை உண்டாக்கியவர் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் மணவாளன். லாட்ஜின் டீக்கடைக்குச் சாமுண்டீஸ்வரி தன் வீட்டு எருமைப் பாலைக் கொடுத்துவந்தார். முன்கூடத்தில் அலங்காரத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. கடற்கரையிலிருந்து வேனில் தண்ணீர் வரும், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து மீன் வரும், வந்த மீன் வரிசையாகச் சாகும். தொட்டியைத் திரும்பிப் பார்க்கவும் லாட்ஜில் யாருக்கும் நேரமில்லை. ஒருநாள் இவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மொதலாளி, வாரம் ஒரு பொணம் எடுக்கிறீங்க. இது தொட்டியா, சுடுகாடா?"

"உப்புத்தண்ணி மீனு அப்டித்தான்க்கா சாவும். நீ வேணா வளத்துப் பாரேன்."

"குடுங்க. ஒண்ணு செத்துதுன்னா தொட்டிய நானே தூக்கியாந்து இங்க வெச்சிடறேன். அப்பறம் பால் மீட்டரயே கையில தொட மாட்டேன்."

டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர், கண்டக்டர் எல்லாரும் சாட்சி. சாமுண்டீஸ்வரி மீட்டரைத் தொடாவிட்டால் பால் சங்கமே இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். மறுநாள் தொட்டி டெம்போவில் வந்து இறங்கியது. பின்னாலேயே பால் கேன்களில் கடல் வந்தது. மிச்சமிருந்த இரண்டு மீன்கள், பாசி படிந்த பாறைகள், நத்தைகள், ஒரு பவளக்கல், அப்புறம் 'பூ'. வண்ணமீன் கடைக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பேர் சொல்வார்கள். கல்லில் ஒட்டிக்கொண்டு நூறு விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும் உயிர் அது. அந்த மீன்கள் இரண்டும் அதன் மடியில்தான் குடியிருக்கும். சாமுண்டீஸ்வரி முதல் நாளே அதற்குப் 'பூவு' என்று பேர் வைத்துவிட்டார்.

மணவாளன் நல்ல மனசோடு பர்மா பஜாரில் வாங்கிய சீமை உப்பு டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மீன் தொட்டிக்கென்றே செய்த உப்பாம். சாமுண்டீஸ்வரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்த ஆளிடமே கொடுத்துவிட்டார். "உப்புக்கு எதுக்குப்பா சீமைக்குப் போவணும்? நம்மூர்ல உப்பு இல்லியா?" வேனில் கடல்தண்ணீர் அனுப்புகிறேன் என்றதற்கும் அதே பதில்தான். லாட்ஜிலிருந்து வந்த கடலில் மானியை விட்டுப் பார்த்திருந்தார். இருபத்தைந்து. கிணற்று நீரில் கல்லுப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, மானி இருபத்தைந்து காட்டினால் அதுவும் கடல்தானே என்பது அவர் கணக்கு. வாரா வாரம் ஒரு குடம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு குடம் சொந்தக் கடலை ஊற்றினார்.

மாதங்கள் ஓடின. ஒன்றும் சாகவில்லை. கேபிள் டி.வி. வந்து ஊரே வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த அந்த நாட்களில், சாமுண்டீஸ்வரி வீட்டு வாசலில் மட்டும் செருப்புகள் குவிந்தன. திருவேற்காட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "அக்கா ஊட்ல கடலே கீதுப்பா" என்று அறிமுகம் செய்துவைப்பார். சாமுண்டீஸ்வரியும் மறுக்கமாட்டார். அந்தப் பெருமை அவருக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது.

கோடை பிறந்ததும் பூ சுருங்கத் தொடங்கியது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தது கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிட்டது. மீன்கள் இரண்டும் மூலையில் ஒண்டி நின்றன. நத்தைகளின் ஓடு வெளிறி, நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. சாமுண்டீஸ்வரி மானியைப் போட்டார். இருபத்தைந்து. கழுவித் துடைத்து மறுபடி போட்டார். அதே இருபத்தைந்து. தொட்டிக்கு மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி, வந்தவர்களிடம் "மீனுங்க தூங்குது, அப்பறமா வாங்க" என்று திருப்பி அனுப்பினார். சொன்ன வாக்கு பூந்தமல்லியில் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் வாக்கைவிட அந்தப் பூவை நினைத்துத்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வாணாம்மே, லாட்ஜ்காரருக்கே குடுத்துடு. அவரு கடல்தண்ணி ஊத்திப் பொழைக்க வெப்பாரு" என்றார் தசரதன்.

"இருவத்தஞ்சி கீதுய்யா! இன்னா கொற வெச்சேன் நானு?" என்று மானியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார் சாமுண்டீஸ்வரி.

அந்த வாரத்தில்தான் சங்கத்துக்கு வீராசாமி பால் கொண்டுவந்தார். மானி முப்பதில் நின்றது. சாமுண்டீஸ்வரிக்கு என்னவோ பொறி தட்டியது. சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தார். தித்தித்தது. தண்ணீரை விட்டு, இறங்கிய மானியைத் தூக்கி நிறுத்தச் சர்க்கரையைப் போட்டிருக்கிறார் மனிதர். சாமுண்டீஸ்வரி பிடித்துக்கொண்டார்.

"மீட்டர ஏமாத்தலாம் வீராசாமி! சக்கரைய போட்டா அதுக்கு இன்னா தெரியும்? எத்த கரைச்சாலும் அது நம்பரத்தான் காட்டும். அதுல பாலு கீதா, இல்லியான்னு…"

பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. கையிலிருந்த மானியைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் சாமி வந்துவிட்டது என்றே நினைத்தார்களாம். மானியைக் கழுவி வைத்துவிட்டு, விடுவிடுவென்று வீட்டுக்குப் போய், புடவையை விலக்கி, தொட்டித் தண்ணீரில் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தார். இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. உப்பு. வெறும் உப்பு. லாட்ஜிலிருந்து வந்த கடல் வாரம் ஒரு குடமாக வெளியே போய்விட்டிருந்தது. ஊரார் பாலையெல்லாம் ருசி பார்த்தவர், தான் கலந்த தண்ணீரை மட்டும் ருசி பார்த்ததே இல்லை. வீராசாமி அன்றைக்குத் தண்டனை இல்லாமல் தப்பித்தார்.

நிஜக் கடலின் ருசி என்ன என்று தெரியவேண்டுமே. மூடி போட்ட சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மெரினாவுக்குப் போனார். அலையில் முழங்கால் வரை இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "யம்மா, அத்த குடிக்காதம்மா, வாந்தி வரும்" என்று கத்தினார் சுண்டல்காரர். இவர் கையைக் காட்டி அவரைச் சும்மா இருக்கச் சொன்னார். முதலில் உப்பு கரித்தது. அது போனபின் அடிநாக்கில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்தது. சொம்பை நிரப்பிக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊர் சேர்த்தார்.

கசப்பு எங்கே போனது என்று சொன்னவர் தெருவில் தள்ளுவண்டியில் உப்பு விற்கும் வேலுசாமி. முன்னால் கோவளம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

"கசப்பா? அத்த நாங்க தொறந்து உட்ருவோம்க்கா. உப்பு பூத்தப்பறம் பாத்தில மஞ்சளா ஒரு தண்ணி நிக்கும். அத்த வடிக்கலன்னா உப்ப வாயில வெக்க முடியாது."

"அடப்பாவிங்களா! பாதி கடல வடிச்சி உட்டுட்டு மீதியத்தான் எனக்கு விக்கிறீங்களா?"

உப்பு லாரி ஓட்டும் வேலுசாமியின் மைத்துனர் மூலம் அந்தக் கசப்புத் தண்ணீர் ஒரு கேன் வந்தது. சாமுண்டீஸ்வரி ஒரு பக்கம் மெரினா சொம்பு, ஒரு பக்கம் தன் குடம் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரண்டி கரண்டியாகக் கசப்பைச் சேர்த்தார், இதை ஒரு விரல், அதை ஒரு விரல் என்று மாற்றி மாற்றி ருசி பார்த்தார். மானி எகிறியபோது கிணற்று நீரை விட்டு இறக்கினார். அடுத்தது நத்தை ஓடு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த தசரதனைப் பார்த்து, "கிளிஞ்சல சுட்டாத்தானே சுண்ணாம்பு? அப்ப கடல்ல சுண்ணாம்பு இல்லாம கிளிஞ்சலு எப்டி வந்திச்சி?" என்று கேட்டார். தசரதன் யோசிப்பதற்குள் சுண்ணாம்பு டப்பா கைமாறிவிட்டது. கரைத்துத் தெளிந்த சுண்ணாம்பு நீரை முதல் நாள் மடமடவென்று ஊற்றியதில் தொட்டியே பாலாக வெளுத்துவிட்டது. பழக்கதோஷத்தில் மானியை எடுக்கக் கை போனதாம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் டியூபைக் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக விடுகிறார். ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் உண்டு. பாலில் எதையெல்லாம் கலந்தால் கேனைத் திருப்பி அனுப்புவாரோ, அதில் முக்கால்வாசியை இங்கே தன் கையாலேயே கலக்கிறார்.

பூ உடனே சம்மதித்துவிடவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் மாறிய பிறகு ஒரு காலையில் இரண்டு விரலை மட்டும் நீட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் பாதி விரிந்தது. மீன்கள் மூலையை விட்டு வந்து மடியில் படுத்த அன்று, சாமுண்டீஸ்வரி தொட்டியின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்புறம் புடவையை உருவி எறிந்துவிட்டு வாசல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார்.

மணவாளன் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் ஒரு பித்தளைக் குடம். தொட்டியை வெகுநேரம் பார்த்தார். தட்டு அகலத்துக்கு விரிந்திருந்த பூவுக்குள் மீன் ஒன்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சிட்டக்கா. நானும் புச்சா ஒரு தொட்டி கட்டிட்டேன். சீமை டப்பாவும் வாணாம், வேனும் வாணாம். உன் தண்ணிதான் வேணும். ஒரு கொடம் குடு."

"பித்தளைல புடிச்சா மீனு செத்துடும் மொதலாளி. பிளாஸ்டிக் கொடம் எடுத்துனு வாங்க" என்றார் சாமுண்டீஸ்வரி. இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை நாள் காத்திருந்தார். முகத்தில் சந்தோஷத்தை ஒளிக்கவும் முயலவில்லை. நடுவில் ஏமாந்த கதையைச் சொல்லவுமில்லை. தசரதன் இன்னொரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டார்.

பக்கத்து வீட்டிலிருந்து பச்சைக் குடம் வந்தது. கலந்து வைத்திருந்த தண்ணீரை அதில் விளிம்பு வரை நிரப்பினார். மானியை இறக்கினார். அது தலையாட்டி நின்றதும் மணவாளனே எட்டிப் பார்த்து, "இருவத்தஞ்சி! கரெக்டா கீதுக்கா" என்று குடத்தைத் தூக்கக் கை நீட்டினார்.

சாமுண்டீஸ்வரி அந்தக் கையைத் தட்டிவிட்டார். மானியை எடுத்து ஓரமாக வைத்தார். மஞ்சள் படாத சுண்டுவிரலைக் குடத்தில் நனைத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். உப்பு போய்க் கசப்பு வருகிற வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு, குடத்தை அவர் பக்கம் தள்ளினார்.