படத்தின் பின்புறம்

லைப்சிக் ஆவணக் காப்பகத்தில், இந்நகரில் வாழ்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றைத் தேடப் பழகிக்கொண்டிருந்தேன். பழைய தொழிற்சாலைப் படமொன்றின் பின்புறம் அதில் நின்ற தொழிலாளர் எல்லோருடைய பெயரும் இருந்தது. ஒருவருக்கு மட்டும் ‘ஆபிரிக்கர்’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெயரைக் கேட்டு எழுத முடியாதா என்று கோபம் வந்தது.

படத்தைத் திருப்பினேன். அந்த ‘ஆபிரிக்கர்’, இந்நகரில் எங்கள் முதல் வீட்டின் மேல்மாடியில் இருந்தவர்! மகனுக்கு வலிப்பு வந்த அன்று அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்.

கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “இஞ்சருங்கோ, மேல்வீட்டுக்காரரின்ர பேர் என்ன?”

“ஆர், அந்தக் கறுப்பனோ? பேர் தெரியாதப்பா. நாங்கள் அப்பிடித்தானே சொல்லுறனாங்கள்.”

அந்த வீட்டில் இருந்த ஆறு வருடமும் நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் பெயரை எழுத எடுத்த பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஜெர்மன்காரர்கள் பாதியாக வெட்டிய என் நீளப் பெயரை, அவர் ஒருவர்தான் படிகளில் காணும்போதெல்லாம் முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டார்.